பரணில் தூங்கிய பொம்மை ரயிலுக்குக் குரல் கொடுப்பது எப்படி?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தாத்தா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது அடிக்கடி கையில் சிக்கும் ஒரு பொருள் உண்டு. ஓரம் நைந்துபோன அட்டைப்பெட்டி. உள்ளே, பழைய செய்தித்தாளில் சுற்றிய ரயில் இன்ஜின், நாலைந்து பெட்டிகள், வட்டமாக இணைக்கும் தண்டவாளத் துண்டுகள். தூசி தட்டி, சக்கரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு கரண்ட் கொடுத்தால், பெரும்பாலும் ஓடிவிடும். அறுபது, எழுபது வருடங்களுக்கு முந்தைய தயாரிப்பு அப்படி!

ஓடும், ஆனால் பேசாது. ‘கிர்ர்ர்’ என்று மோட்டார் சத்தம் மட்டும்தான். ‘குப்... குப்... கூ...’ என்பதை வேடிக்கை பார்க்கும் பேரப்பிள்ளைதான் வாயால் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அந்த இன்ஜினுக்குள் விரல்நகம் அளவு சிப் ஒன்றையும், சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்றையும் வைத்து, நிஜ நீராவி இன்ஜினின் குரலையே வரவழைக்கலாம். உலகம் முழுக்க மாடல் ரயில் பிரியர்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால், அப்பா வாங்கித் தந்த பொம்மையைத் திறந்து, வெட்டி, துளைபோட மனசு வருமா? குரல் வேண்டுமா, அந்தப் பொம்மை இருந்தபடியே இருக்க வேண்டுமா? இந்தப் பொழுதுபோக்கில் பல வீடுகளில் ஓடும் பஞ்சாயத்து இதுதான்.

மின்விசிறி ஊதிய விசில்

பொம்மை ரயில் ஊமையாக இருக்கிறதே என்ற குறை அந்தக் காலத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935-ல் விசில் ஊதும் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்துவரும் வண்டிக்கு ‘டெண்டர்’ என்று பெயர். (அரசு ஒப்பந்தத்துக்குப் போடும் டெண்டர் வேறு!) அந்த டெண்டருக்குள் ஒரு குட்டி மோட்டார், அது சுழற்றும் ஒரு விசிறி, அந்தக் காற்று நுழைந்து வெளியேற விசில் அறை. அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தினால் டெண்டருக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் மூளை வேலை செய்திருக்கிறது. லயனல் ரயில் ஓடுவது ஏ.சி. மின்சாரத்தில். விசில் பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் டி.சி. மின்சாரமும் கலந்து தண்டவாளத்தில் பாயும். டெண்டரில் உள்ள ரிலே அந்த டி.சி.யை மட்டும் கண்டுகொண்டு விசில் மோட்டாரை இயக்கிவிடும். தனி ஒயர் கிடையாது, சிப் கிடையாது. 1935-ல்!

டீசல் இன்ஜின் மாடல்கள் வந்தபோது விசில் போய் ஹாரன் வந்தது. அதற்கு இன்ஜின் வயிற்றுக்குள் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி ஒன்றைப் போட வேண்டும். விளையாடி முடித்த பையன் அதைக் கழற்ற மறந்து பெட்டியில் வைத்துவிடுவான். சில வருடங்களில் பேட்டரி கசிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துத் தின்றிருக்கும். பழைய டீசல் மாடல் வாங்குகிறவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

‘குப் குப்’ ஒலிக்கும் முயற்சிகள் நடந்தன. பிரிட்டனில் ஹார்ன்பி, 1970-களில் சில மாடல்களின் டெண்டரில் சொரசொரப்பான பாகம் ஒன்றை வைத்தது. சக்கரம் சுழலச் சுழல அது உரசி ‘சர்க் சர்க்’ என்று சத்தம் போடும். அதே காலத்தில் அமெரிக்காவில் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் நிறுவனம் செய்தது இன்னும் பெரிய வேலை. ஒலியை மேஜைமேல் உள்ள பெட்டியில் உருவாக்கி, தண்டவாளம் வழியாகவே இன்ஜினில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். விலையும் அதற்கேற்ப. வசதி படைத்தவர்களின் விளையாட்டு அது.

ஸ்டேஷனில் ஏன் வாயடைத்துப் போகிறது?

நிஜ நீராவி இன்ஜின் நிற்கும்போதும் சும்மா இருக்காது. ‘உஸ்ஸ்’ என்று நீராவி கசியும், பம்ப் மூச்சு வாங்கும், அடுப்புக்கு நிலக்கரி அள்ளும் சத்தம் கேட்கும். பழைய டி.சி. மாடல் ரயிலில் இது சுலபமில்லை. வேகத்தைக் கூட்ட மின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், நிறுத்த பூஜ்யமாக்க வேண்டும். ரயில் நின்றால் தண்டவாளத்தில் கரண்டே இல்லை. ஒலி மட்டும் எங்கிருந்து வரும்?

இதற்கு விடை, டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய நுட்பத்தை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ‘3-ம் நம்பர் இன்ஜின், மெதுவாகப் போ, விசில் ஊது’ என்ற கட்டளைகள் அதிலேயே சேர்ந்து பயணிக்கும். ஒவ்வொரு இன்ஜினிலும் இருக்கும் ‘டீகோடர்’ என்ற சிப், தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து நடக்கும். ரயில் நின்றாலும் சிப்புக்குச் சாப்பாடு உண்டு. எனவே, இன்ஜின் நின்றபடியே மூச்சு விடலாம்.

குப்... குப்... கணக்கு

ஒலியை விட, ஒலி வரும் நேரம்தான் முக்கியம். இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரும் முன்னும் பின்னுமாக இரண்டு முறை நீராவியை வெளியே தள்ளும். ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘குப்’. பிரிட்டனின் புகழ்பெற்ற ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனுக்கு மூன்று சிலிண்டர், அதனால் ஆறு ‘குப்’. அதன் பெரிய சக்கரத்தின் விட்டம் சுமார் 2 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு ஏறக்குறைய எட்டு ‘குப்’ என்று கணக்கு வருகிறது. நூறைத் தொட்டால் எண்ண முடியாது, ஒரே உறுமல்தான்.

லார்ட் நெல்சன் வகை இன்ஜின்கள் இன்னும் விசேஷம். நான்கு சிலிண்டர்களையும் தனித்தனி நேரத்தில் வேலை செய்யும்படி அமைத்ததால் ஒரு சுற்றுக்கு எட்டு ‘குப்’. இந்த வித்தியாசமெல்லாம் யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? சங்கீத சபாவில் தாளம் போடும் மாமாவுக்குத் தெரிவதுபோல, ரயில் ரசிகருக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும்.

சக்கரத்தின் வேகம் சிப்புக்குத் தெரிய இரண்டு வழிகள். ஒன்று, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானாக உண்டாக்கும் மின் அழுத்தத்தை அளப்பது. புது மோட்டாரில் இது கச்சிதமாக வேலை செய்யும். பழைய மோட்டாரில் அளவு ஏறி இறங்கி, தாளம் தப்பும். அதற்கு அச்சில் சின்னச் சின்ன காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் ஒரு சென்சாரை வைப்பதே நல்லது. வேலை கூடுதல். ஆனால், தாளம் தப்பாது.

ஆபரேஷன் தியேட்டர்

பழைய இன்ஜினைத் திறந்தவுடன் சால்டரிங் கம்பியை எடுப்பவர்கள்தான் சிப்பைக் கருக்குகிறார்கள். அந்தக் காலத் தயாரிப்பில் மோட்டாரின் ஒரு முனை நேராக உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். சட்டம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். அப்போது அதுதான் சிக்கனமான வழி. ஆனால், டீகோடர் இருக்க வேண்டிய இடம் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில். மோட்டாரின் எந்த முனையாவது தண்டவாளத்தோடு நேரடியாகத் தொடர்பில் இருந்தால், கரண்ட் கொடுத்த நொடியே சிப் காலி. இன்ஜினை விட அதிக விலை கொடுத்து வாங்கிய சிப்பாகவும் அது இருக்கும்!

எனவே, முதல் வேலை மல்டிமீட்டரை எடுப்பது. மோட்டாரின் இரு முனைகளையும் சட்டத்தோடு சோதித்து, தொடர்பு இருந்தால் துண்டிக்க வேண்டும். பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன ட்ரை-ஆங் ரயில்களின் எக்ஸ்-04 மோட்டாரில் இது எளிது. கார்பன் பிரஷ்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் ஒரு பக்கத்துக்கு ஏற்கெனவே காப்பு உறை இருக்கும். மறுபக்கத்துக்கும் அதேபோல ஒன்றை மாட்டிவிட்டு, இரு முனைகளிலும் சிப்பின் ஒயர்களை இணைக்கலாம். சில அமெரிக்க மாடல்களில் மோட்டாருக்கு அடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கீழ் முனையைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பசி. பழைய மோட்டார்கள் கரண்டை அள்ளிக் குடிக்கும். இந்த அளவு ரயில்களுக்கான டீகோடர் பொதுவாக ஒரு ஆம்பியர் வரைதான் தாங்கும். சக்கரத்தைக் கையால் ஒரு நொடி பிடித்து நிறுத்தி, அப்போது மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதிகம் இழுத்தால், வயதாகி வலுவிழந்த காந்தத்தை எடுத்துவிட்டு நியோடிமியம் காந்தம் போடுவது பலர் செய்யும் வைத்தியம். மோட்டார் தெம்பாகி, குறைவாகக் குடிக்கும்.

மூன்றாவது, அழுக்கு. சக்கரத்திலும் தண்டவாளத்திலும் கறுப்பு படிந்திருந்தால் மோட்டார் ஒருமாதிரி தடுமாறி ஓடிவிடும். ஒலியோ விட்டுவிட்டுக் கேட்கும், சில நேரம் சிப் முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது, நொடி நேரம் கரண்டைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பது - இரண்டும் செய்தால் நிம்மதி.

டம்ளர் ரகசியம்

போனில் பாட்டுச் சத்தம் போதாமல், அதை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்துக் கேட்டிருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான் இங்கேயும். மாடல் ரயில்காரர்கள் ‘சுகர் கியூப்’ என்று அழைக்கும் ஸ்பீக்கர், செல்போனில் இருக்கும் ரகம்தான். அதை அப்படியே வைத்தால் கொசு முனகுவதுபோல இருக்கும். முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வதே காரணம். பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சின்ன பிளாஸ்டிக் பெட்டியால் மூடினால் ‘இதே ஸ்பீக்கரா?’ என்று தோன்றும். அந்தப் பெட்டிக்கு ஏற்ற இடம், டெண்டரின் உள்புறம். டீசல் என்றால் எரிபொருள் டேங்க்.

என்ன செய்தாலும் நிஜ இன்ஜின் தரையை அதிரவைக்கும் அந்தக் கனத்த ஒலி, இரண்டு சென்டிமீட்டர் ஸ்பீக்கரில் வராது. சிலர் மேஜைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் வைத்து அந்தக் குறையை நிரப்புகிறார்கள்.

யாருடைய குரல்?

சிப்பில் இருக்கும் ஒலிகள் பெரும்பாலும் இன்றும் ஓடும் பாரம்பரிய ரயில்களில் மைக் வைத்துப் பதிவு செய்தவை. ஆனால், எல்லா இன்ஜினும் உயிரோடு இல்லையே! லயனல் 1937-ல் வெளியிட்ட 700-ஈ என்ற மாடல், பழைய பொம்மை ரயில்களில் மகுடம் போன்றது. அன்றைய விலை 75 டாலர். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஹட்சன் இன்ஜினை அச்சு அசலாகச் செய்த மாடல் அது. நிஜ ஹட்சன்கள் எல்லாமே உடைத்து விற்கப்பட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொம்மை இருக்கிறது, அசல் இல்லை. அதற்குக் குரல் வைக்க வேண்டுமானால் பழைய ஒலிப்பதிவை நாட வேண்டும், இல்லையென்றால் வேறோர் இன்ஜினின் குரலை இரவல் வாங்க வேண்டும்.

இப்படி ஆகும் என்று முன்பே உணர்ந்த சிலர் இருந்தார்கள். பிரிட்டனின் பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட் சினிமா ஒலிப்பதிவாளர். ‘அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, 1950-களில், கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையோரம் நின்று நீராவி இன்ஜின்களைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர், இரவில் ஓடும் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்களைப் படம் எடுத்ததோடு சத்தத்தையும் சேகரித்தார். 1960-ல் அந்த ரயில்வேயிலும், 1968 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளிலும் நீராவி ஓய்ந்தது.

வெட்டலாமா, வேண்டாமா?

சேகரிப்பாளர்கள் பார்வையில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பெட்டியோடு இருக்கும் மாடலுக்குத்தான் மதிப்பு. துளை போட்டால் போட்டதுதான். அதனால், 700-ஈ போன்ற அரிய மாடல்களைத் தொடாமல் விடுவதே சரி. லட்சக்கணக்கில் விற்று, பெயின்ட் உதிர்ந்து கிடக்கும் சாதாரண இன்ஜின் என்றால் தாராளமாகக் குரல் வைக்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கழற்றும் ஒவ்வொரு பழைய பாகத்தையும் சின்னக் கவரில் போட்டு, பெயர் எழுதி, அதே அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டால் நாளை யார் வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம். இன்ஜினையே தொடாமல், பின்னால் மாட்டும் சரக்குப் பெட்டி ஒன்றில் பேட்டரி, ஒலி அட்டை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறவர்களும் உண்டு.

சில வருடங்களாக வேலை இன்னும் எளிதாகியிருக்கிறது. ஹார்ன்பியின் புளூடூத் டீகோடரில், எந்த இன்ஜினின் ஒலி வேண்டும் என்பதை போன் ஆப்பிலேயே தேர்ந்தெடுத்து ஏற்றலாம். விசிலும் போன் திரையில்தான். சத்தத்தைக் குறைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

இவ்வளவு வசதி வந்த பிறகும், 1935-ன் விசிறி விசிலை மாற்றவே மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொம்மையோடு வளர்ந்தவர்களுக்கு ரயில் சத்தம் என்றால் டெண்டருக்குள்ளிருந்து கொஞ்சம் கரகரப்பாக வரும் அந்தக் ‘கூ’தான். அவர்கள் சிப் வாங்குவதில்லை. டெண்டரைத் திறந்து, விசில் மோட்டாரில் ஒட்டிய பழைய கிரீஸைத் துடைத்து, பிரஷ் மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுகிறார்கள். பிறகு, பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள்.