அட்டை இல்லாதவருக்கு ஆட்டம் இல்லை

லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் லூட்டன் வந்துவிடும். ஒரு காலத்தில் தொப்பித் தயாரிப்புக்குப் பேர்போன ஊர். உள்ளூர் கால்பந்து அணிக்கு இன்றைக்கும் 'தொப்பிக்காரர்கள்' என்றுதான் செல்லப்பெயர். அணியின் மைதானமான கெனில்வொர்த் ரோடு, வரிசை வீடுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வெளியூர் ரசிகர்கள் இப்போது உள்ளே போகும் வாசல், குடியிருப்புகளின் வரிசையிலேயே ஒரு வீட்டுக் கதவைப் போலத் திறக்கிறது. அதைத் தாண்டி இரும்புப் படி ஏறினால், கீழே யாருடைய வீட்டுக் கொல்லையோ தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கலவரம் மூண்டால் அது மைதானத்தோடு நிற்காது, தெருவுக்கும் வரும். 1985 மார்ச் 13 இரவு அதுதான் நடந்தது.

எஃப்.ஏ. கோப்பையின் கால் இறுதி ஆட்டம். தென் லண்டனின் மில்வால் அணி விருந்தாளி. கூட்டம் கொள்ளவில்லை, வெளியூர்க்காரர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார்கள். தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களை உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று. மில்வால் மேலாளர் ஜார்ஜ் கிரஹாம் தன் அணியின் ரசிகர்களிடமே அமைதி காக்கும்படி கெஞ்சிப் பார்த்தார். 25 நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. பிரையன் ஸ்டீன் அடித்த ஒரே கோலில் லூட்டன் வென்றது. கடைசி விசில் ஊதியதும் நாற்காலிகள் பெயர்ந்து பறந்தன. போலீஸார் பின்வாங்கி ஓடுவதையும், மறுபடி அணிவகுத்துப் பாய்வதையும் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. காயம்பட்டவர்கள் 81 பேர். அவர்களில் 31 பேர் போலீஸார். ரயில் நிலையம் போகும் வழியில் இருந்த கடைகளும் வீடுகளும் கார்களும் தப்பவில்லை. கைதானவர்களில் பலர் மில்வால்காரர்களே அல்ல, வேறு லண்டன் அணிகளின் ஆட்கள் என்பது பிறகு தெரியவந்தது.

பிரதமர் மார்கரெட் தாட்சர் கால்பந்து நிர்வாகிகளை அழைத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். கால்பந்துச் சங்கச் செயலாளர் டெட் க்ரோக்கர், இந்த ரௌடிகள் கால்பந்து பெற்ற பிள்ளைகள் அல்ல, சமூகம் பெற்றவர்கள் என்ற பொருளில் பதில் சொன்னதாக ஆங்கிலேயர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தாட்சருக்கு அது சமாதானம் ஆகவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் நிலைமை இன்னும் கறுத்தது. மே 11 அன்று பிராட்ஃபோர்டில் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதே நாள் பர்மிங்ஹாமில் லீட்ஸ் ரசிகர்கள் வந்திருந்த ஆட்டத்தில் கலவரம் மூண்டது. சுவர் இடிந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். மே 29 அன்று பிரஸ்ஸெல்ஸின் ஹெய்செல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து விரட்டியதில், ஒதுங்கிய கூட்டம் சுவரோரம் நசுங்கி 39 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யுவென்டஸ் அணியைப் பார்க்க வந்த இத்தாலியர்கள். ஆங்கிலேய அணிகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டன. பிராட்ஃபோர்டு ஒரு தீவிபத்து. பராமரிப்பில்லாத கட்டடமும் கீழே சேர்ந்திருந்த குப்பையும் காரணம். ஆனாலும் மூன்றும் ஒரே மாதத்தில் நடந்ததால் எல்லாமே 'கால்பந்துக் கூட்டத்தின் பிரச்சினை' என்று ஒரே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அடுத்து வந்த தவறுகள் பலவற்றுக்கு அந்தக் கணக்குதான் வேர்.

லூட்டன் அணி நிர்வாகத்தின் தலைவர் டேவிட் எவன்ஸ் ஒரு முடிவெடுத்தார். பின்னாளில் கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி. ஆனவர் இவர். 1986-87 பருவத்திலிருந்து கெனில்வொர்த் ரோட்டில் வெளியூர் ரசிகர்களுக்கு இடமில்லை. உள்ளூர்க்காரர்களுக்கும் கையில் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் அனுமதி. கணினியில் பதிவு, வாசலில் அட்டைச் சோதனை. கால்பந்து லீக் இதை ஏற்காமல் அந்தப் பருவத்தின் லீக் கோப்பையிலிருந்து லூட்டனை விலக்கியது. எவன்ஸ் அசரவில்லை. மைதானத்தில் சச்சரவும் கிட்டத்தட்ட நின்றுபோனது. ஆட்ட நாளில் கடைக்குக் கதவடைக்காமல் வியாபாரம் பார்க்க முடிந்த லூட்டன்வாசிகளுக்கு இது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் ஆட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எதிரணிக்குக் குரல் கொடுக்க ஒரு மூலை, அவர்கள் பாட்டுக்கு இவர்கள் பாடும் பதில் பாட்டு, ரயிலேறி முன்பின் தெரியாத ஊருக்குப் போய் நனைந்துகொண்டு நிற்கும் பயணம் எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே கால்பந்து. அதை வெளியே நிறுத்திய தடையை லூட்டன் 1990-91 பருவத்தில் விலக்கிக்கொண்டது.

அந்தக் காலத்தில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போனவர்கள் நினைவுகளைக் கிளறினால் கோல்களுக்கு முன்னால் வருவது போலீஸ் குதிரைகள்தான். ரயில் நிலையத்தில் இறங்கியதும் நாலு பக்கமும் போலீஸ் சூழ மைதானம்வரை நடத்திக்கொண்டு போவார்கள். வழியில் தேநீர் குடிக்க ஒதுங்க முடியாது. சில ஊர்களில் பூட்ஸ் கயிற்றைக்கூட அவிழ்த்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். உதைக்க வரும் கால் என்று எல்லாக் கால்களையும் கருதிய காலம் அது. ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர்களை மட்டும் அடைத்துவைத்து, ஊர் அடங்கிய பிறகு வெளியே விடுவார்கள். நின்று பார்க்கும் படிக்கட்டுகளுக்கு முன்னால் உயரக் கம்பி வேலி. அதன் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். செல்சி அணி நிர்வாகத்தின் தலைவர் கென் பேட்ஸ் 1985-இல் மாடுகளை அடக்கும் மின்வேலியைப் போன்ற ஒன்றைத் தன் மைதானத்தில் அமைத்தே விட்டார். லண்டன் நகர நிர்வாகம் மின்சாரம் பாய்ச்ச அனுமதிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும் ரசிகர்களே சண்டைகளையும் மறைப்பதில்லை. எந்தத் தெருமுனையில் காத்திருப்பார்கள், எந்த ரயிலில் ஏறக் கூடாது, எந்த ஊரில் கழுத்துத்துண்டைச் சட்டைக்குள் மறைக்க வேண்டும் என்பதெல்லாம் பதினைந்து வயதுப் பையனுக்கும் அத்துப்படி. பயம் நிஜம். அந்தப் பயத்திலிருந்து காப்பாற்ற வந்தவர்களே தன்னையும் குற்றவாளியாகப் பார்த்த அவமானமும் நிஜம். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களின் சாட்சியம்தான் நம்பத் தகுந்தது.

1988 ஜூன் மாதம் மேற்கு ஜெர்மனியில் நடந்த, ஐரோப்பிய நாட்டு அணிகளின் கோப்பைப் போட்டியின்போது ஆங்கிலேய ரசிகர்கள் மறுபடி தெருச் சண்டையில் இறங்கினார்கள். தாட்சர் அரசு, லூட்டன் மாதிரியை நாடு முழுவதற்கும் விரிக்க முடிவு செய்தது. விளையாட்டு அமைச்சர் காலின் மொய்னிஹன் திட்டத்தின் முகமானார். இங்கிலாந்து, வேல்ஸ் லீக்கின் 92 அணிகளில் எந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் தேசிய உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். வாசலில் கணினி அதைச் சரிபார்க்கும். தப்பு செய்தவரின் அட்டை செல்லாது. அட்டை இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. ஹெய்செல் சோகத்துக்குப் பிறகு 1985-இல் லிவர்பூலில் ரோகன் டெய்லரும் பீட்டர் காரெட்டும் தொடங்கிய கால்பந்து ரசிகர் சங்கம் முன்னால் நின்றது. ரசிகர்கள் தாங்களே அச்சடித்து மைதான வாசலில் விற்ற சிறு இதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. சிறிய அணிகளுக்கு வேறு கவலை. அவை மழை நின்றதா என்று பார்த்துவிட்டு மதியம் கிளம்பி வருபவரை நம்பியவை. 1948-49 பருவத்தில் 4 கோடியைத் தாண்டியிருந்த லீக் பார்வையாளர் எண்ணிக்கை, 1985-86-இல் ஒன்றே முக்கால் கோடிக்கும் கீழே விழுந்திருந்தது. வருகிறவரையும் விண்ணப்பம் நிரப்பச் சொன்னால் யார் வருவார்?

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் வாசலைப் பற்றியது. பழைய ஆங்கிலேய மைதானத்தின் நுழைவாயில், செங்கல் சுவரில் ஒரு ஆள் அகலத்துக்கு வெட்டிய சந்து. உள்ளே இரும்புச் சுழல் கதவு. கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் காசையோ டிக்கெட்டையோ வாங்கிக்கொண்டு காலால் மிதியை அழுத்துவார். கதவு ஒரு சுற்று சுற்றி ஒருவரை உள்ளே தள்ளும். தடங்கல் இல்லாமல் ஓடினால் ஒரு கதவு மணிக்கு 750 பேரை விழுங்கும் என்பது அன்றைய பாதுகாப்புக் கையேட்டின் கணக்கு. அதாவது ஆளுக்கு ஐந்து விநாடிக்கும் குறைவு. இதில் அட்டையைக் கருவியில் செருகி, பச்சை விளக்குக்காகக் காத்திருந்து, கருவி மறுத்தால் பின்னால் நிற்கும் நெரிசலை எதிர்த்துத் திரும்பி வெளியேற வேண்டும். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, கணினி நின்றுபோனால்?

மசோதா நாடாளுமன்றத்தில் இருக்கும்போதே ஹில்ஸ்பரோ நடந்தது.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்களுக்கு ஒதுக்கிய சுழல் கதவுகள் 7. ஒரு கதவுக்கு ஏறத்தாழ 1,443 பேர். கையேட்டின் வேகத்திலேயே ஓடினாலும் எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே நெரிசல் உயிருக்கு ஆபத்தான கட்டத்தை எட்டியபோது, போலீஸ் பொறுப்பதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு வெளியேறும் கதவு ஒன்றைத் திறக்க உத்தரவிட்டார். உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது, ஏற்கெனவே நிறைந்திருந்த நடு அடைப்புகளுக்குப் போகும் சுரங்க வழி. அதை யாரும் மூடவில்லை, பக்கத்து அடைப்புகளுக்குத் திருப்பிவிடவும் ஆளில்லை. முன்னால் கம்பி வேலி. கூட்டம் மைதானத்துக்குள் பாயாமல் இருக்கக் கட்டிய அதே வேலியில் நசுங்கி மக்கள் இறந்தார்கள். இறுதியில் எண்ணிக்கை 97. கடைசி ஆள் 32 ஆண்டு கழித்து, 2021-இல், அந்தக் காயங்களின் விளைவாகவே உயிர்விட்டார். குடிகாரக் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வந்தது என்று முதலில் பரப்பிய பொய் முழுமையாக ஒழிய 2016 வரை ஆனது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள் மேல் பழி இல்லை என்றும் அந்த ஆண்டு ஜூரி தீர்ப்பளித்தது.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகும் அரசு மசோதாவைக் கைவிடவில்லை. 1989 நவம்பரில் அது கால்பந்துப் பார்வையாளர் சட்டம் ஆனது. அந்தச் சோகத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று சொன்ன அறிக்கையாகத்தான் அது பிரபலம். அட்டைத் திட்டத்தை அதில் அவர் அலசியிருக்கும் விதம் அதே அளவுக்கு முக்கியம். கருவிகள் பிசகினால் வாசல் நெரிசல் கூடும், சண்டை உள்ளேயிருந்து வெளியே நகரும், பெரும்பான்மையான ஒழுங்கான ரசிகர்கள் மேல் அளவுக்கு மீறிய சுமை விழும் என்று கண்டு, தன்னால் அதை ஆதரிக்க முடியாது என்றார். கழிப்பறைகளின் நாற்றத்தையும் சாப்பாட்டின் தரத்தையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மனிதர்களை இப்படி நடத்தினால் நடத்தையும் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் பார்வை. அரசு திட்டத்தை ஓரங்கட்டியது. சட்டத்தின் அந்தப் பகுதி ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை.

சட்டத்தின் மற்ற பகுதிகள் பிழைத்தன. குற்றம் செய்தவரை மட்டும் நீதிமன்ற உத்தரவால் ஆட்டங்களிலிருந்து விலக்கிவைக்கும் ஏற்பாடு படிப்படியாக வலுவானது. மைதானங்களுக்கு உரிமம் வழங்கிப் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வந்தது. வேலிகள் இறங்கின, கண்காணிப்பு கேமராக்கள் ஏறின, டிக்கெட் விலையும் ஏறியது. இன்று பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் வேண்டுமென்றால் பல அணிகளில் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும், டிக்கெட்டும் பெயரோடு கைப்பேசியில்தான் வரும். தாட்சரின் சட்டத்தால் முடியாததில் பாதியைச் சந்தை செய்து முடித்துவிட்டது. அதை எதிர்த்து நின்ற தலைமுறையில் பலருக்கு இப்போது உள்ளே போகவே கட்டுப்படியாகவில்லை.

யோசனை மட்டும் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இத்தாலியில் 2007-இல் கட்டானியா ஆட்டத்தின்போது போலீஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இறுகி, 2010-இல் ரசிகர் அட்டை வந்தது. தீவிர ரசிகர் குழுக்கள் பல அதை வாங்க மறுத்து வெளியூர்ப் பயணத்தையே கைவிட்டன. துருக்கியில் 2014-இல் வந்த பாசோலிக் அட்டை ஒரு தனியார் வங்கியோடு இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இஸ்தான்புல் போராட்டங்களில் கால்பந்து ரசிகர்கள் முன்வரிசையில் நின்றிருந்ததால், அட்டையின் நோக்கம் ரௌடிகளைப் பிடிப்பதா, அரசை எதிர்ப்பவர்களைக் குறித்துவைப்பதா என்ற சந்தேகம் கிளம்பியது. கேலரிகள் காலியாயின.

2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பழைய கதை அப்படியே திரும்பியது. ரயிலில் வந்த லிவர்பூல் ரசிகர்களை நெடுஞ்சாலைக்கு அடியிலுள்ள குறுகிய வழியில் ஒரு சோதனைச் சாவடிக்கு அனுப்பினார்கள். போலீஸ் வண்டிகளே பாதையை அடைத்து நின்றன. ஒவ்வொரு டிக்கெட்டையும் ரசாயனப் பேனாவால் கோடு போட்டுச் சோதித்தார்கள். கூட்டம் இறுகியதும் சோதனையைக் கைவிட்டார்கள். பிறகு சுழல் கதவுகளை மூடினார்கள். கண்ணீர்ப் புகை வீசினார்கள். ஆட்டம் 36 நிமிடம் தாமதமானது. போலி டிக்கெட்டோடோ டிக்கெட்டே இல்லாமலோ முப்பது நாற்பதாயிரம் பேர் வந்ததாக பிரெஞ்சு உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மனான் கூறினார். சுழல் கதவுகளில் பதிவான போலி டிக்கெட்டுகள் 2,589.

அன்று கூட்டத்தில் ஹில்ஸ்பரோவில் உயிர் பிழைத்தவர்களும் இருந்தார்கள். தள்ளாதே, பின்னால் போ, குழந்தையைத் தூக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நின்றார்கள். 2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயாதீன ஆய்வறிக்கை முதன்மைப் பொறுப்பை, போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா மீது வைத்தது. உயிரிழப்பைத் தடுத்ததில் அந்த ரசிகர்களின் நடத்தைக்குப் பங்குண்டு என்றும் பதிவு செய்தது. அடுத்த மாதம் லிவர்பூல் ரசிகர்களின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக யூஃபா அறிவித்தது.