இனம் பார்த்து மருந்தளவு தரலாமா?
மலேசியாவின் மஸ்ஜித் தானா போன்ற ஊர்களில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒரே கிளினிக்குக்குத்தான் போகிறார்கள். ஆனால் இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. சிங்கப்பூர் ஆய்வுகளில் இந்தியர்களுக்குச் சராசரியாகச் சீனர்களைவிடக் கூடுதல் அளவு தேவைப்பட்டது. அந்த மருந்து குறிவைக்கும் விகேஓஆர்சி1 புரதத்தின் மரபணு வேறுபாடே இதற்கு முக்கியக் காரணம். கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி2சி9 நொதியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அப்படியானால் இனத்தைப் பார்த்தே அளவு தரலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. சராசரி கூட்டத்துக்குரியது, மாத்திரையை விழுங்குபவர் தனி மனிதர். நொதி மந்தமாக உள்ள தமிழருக்குக் கூடுதல் அளவு கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். மரபணுச் சோதனைக்குச் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் ஐஎன்ஆர் என்னும் எளிய இரத்தப் பரிசோதனை இருக்கிறதே! வார்ஃபரின் எடுக்கும் பெரும்பாலானோருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவே நமக்குரிய அளவு.