வெள்ளைவால் மான் வேட்டை

வெள்ளைவால் மான் வேட்டை என்பது ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவின் தென்பகுதிகளிலும், உரிமம் பெற்றவர்கள் குறித்த பருவத்தில் மட்டும் மேற்கொள்ளும் வேட்டை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 லட்சம் மான்கள் இவ்வாறு கொல்லப்படுகின்றன. இருந்தும் இந்த இனம் அருகிவரவில்லை. பல மாநிலங்களில் இதன் எண்ணிக்கை அளவுக்கு மிஞ்சியிருப்பதே சிக்கலாக உள்ளது. இதே விலங்கு 1900ஆம் ஆண்டளவில், கட்டுப்பாடற்ற வேட்டையால் பல மாநிலங்களில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது.

விலங்கு

வெள்ளைவால் மான் கனடாவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா வரை பரவியுள்ளது. வாலின் அடிப்பக்கம் தூய வெண்ணிறமானது. ஆபத்தை உணர்ந்ததும் வாலைக் கொடிபோல் உயர்த்திக்கொண்டு ஓடுவதால் இப்பெயர் பெற்றது. வடக்கே வாழும் மான்கள் உடல் பெருத்தும், தெற்கே வாழ்பவை சிறுத்தும் காணப்படுகின்றன. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் வாழும் சிற்றினம் ஒரு பெரிய நாயின் அளவே இருக்கும்.

கலை எனப்படும் ஆண்மானுக்கு மட்டுமே பொதுவாகக் கொம்பு உண்டு. மாட்டின் கொம்பைப் போலன்றி, இது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் எலும்பாகும். இளவேனிலில் மென்மயிர்த் தோல் போர்த்து வளரத் தொடங்கி, கோடையின் இறுதியில் தோல் உரிந்து கெட்டிப்படுகிறது, குளிர்காலத்தில் விழுந்துவிடுகிறது. பகற்பொழுதின் நீளமே இச்சுழற்சியை இயக்குகிறது. கொம்புக் கிளைகளை எண்ணி வயதைக் கூறலாம் என்பது பரவலான தவறான கருத்து. கிளைகளின் எண்ணிக்கை உணவையும் மரபையும் பொறுத்தும் மாறும். வயதைக் கணிக்க உயிரியலாளர்கள் தாடைப் பற்களின் தேய்மானத்தையே பார்க்கின்றனர்.

வட மாநிலங்களில் இணைசேரும் பருவம் நவம்பரில் உச்சமடைகிறது. சுமார் 200 நாள் சூலுக்குப் பின் பிணை, பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனுகிறது. குட்டியின் உடலில் நம் நாட்டுப் புள்ளிமானைப் போன்ற வெண்புள்ளிகள் இருக்கும். சில மாதங்களில் அவை மறைந்துவிடும். தாய் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டு மேயச் செல்வது இயல்பு. தனித்துக் கிடக்கும் குட்டியைக் கைவிடப்பட்டதாக எண்ணி மக்கள் எடுத்துச் செல்வது, பெரும்பாலும் அதன் உயிருக்கே தீங்காக முடிகிறது.

உற்றுநோக்கல்

இம்மானைக் காண விரும்புபவர் முதலில் அறிய வேண்டியது காற்றின் திசையை. மானின் முதன்மைக் காவல் அதன் மூக்கு. காற்று மனிதரிடமிருந்து மானை நோக்கி வீசுமானால், எவ்வளவு நன்றாக ஒளிந்திருந்தாலும் பயனில்லை. ஐயம் எழுந்த மான் முன்னங்காலால் தரையை உதைக்கும். பின்னர் மூக்கால் உரத்துச் சீறி, சுற்றியுள்ள மான்களையும் எச்சரித்து ஓடும்.

பார்வையில் மான் மனிதரினின்று வேறுபடுகிறது. அதன் கண்ணில் சிவப்பொளிக்குரிய கூம்பணுக்கள் இல்லை. நீல ஒளியையோ அது நன்கு உணரும். வேட்டைக்காரர்கள் ஒளிரும் செம்மஞ்சள் மேலாடை அணிவது இதனாலேயே இயல்கிறது. பிற வேட்டைக்காரருக்குக் கண்ணைப் பறிக்கும் அந்நிறம் மானுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. ஆனால் கையின் சிறு அசைவையும் மான் உடனே கண்டுகொள்ளும்.

மான் விடியலிலும் அந்தியிலும் மிகுதியாக நடமாடுகிறது. அது கண்ணில் படாத பொழுதும் அதன் தடங்களைப் படிக்கலாம். மானுக்கு மேல் வெட்டுப்பற்கள் இல்லாததால் அது தளிர்களைக் கடித்து இழுத்துப் பிய்க்கிறது. எனவே மான் மேய்ந்த குச்சியின் முனை நார்நாராக இருக்கும். முயல் கடித்த முனை கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். இலையுதிர் காலத்தில் கலைகள் இளமரங்களின் பட்டையைக் கொம்பால் தேய்த்து உரிக்கின்றன. தாழ்ந்த கிளையின் கீழ் குளம்பால் மண்ணைக் கீறிச் சிறுநீர் கழித்து, தம் மணத்தைப் பிற மான்களுக்கு விட்டுச் செல்கின்றன.

வேட்டை முறை

வேட்டைக்காரரின் வேலையில் பெரும்பகுதி மேற்கூறிய உற்றுநோக்கலே. மேயும் இடத்திற்கும் படுக்கும் இடத்திற்கும் இடையிலான தடத்தைக் கண்டறிந்து, காற்றுக்கு எதிர்ப்புறமாக மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பது மிகப் பரவலான முறை. பரணிலிருந்து தவறி விழுதல் வேட்டைக்காரர் காயமடைவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஆகவே இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை அணியுமாறு பயிற்சி வகுப்புகள் வலியுறுத்துகின்றன.

வில், குறுக்குவில், துப்பாக்கி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பருவங்கள் உண்டு. நெஞ்சறையில், அதாவது இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியில் தைக்கும் அடியே மானை விரைவில் வீழ்த்தும். அடிபட்ட மானைப் பின்தொடர்வதற்கு இரத்தத்தைப் படிக்க வேண்டும். நுரையுடன் கூடிய வெளிர்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் குறிக்கும். கருத்த இரத்தத்துடன் இரைப்பைப் பொருள் கலந்திருந்தால் அடி வயிற்றில் பட்டுள்ளது. உடனே துரத்தினால் மான் வெகுதொலைவு ஓடி வீணே சாகும் என்பதால் பல மணி நேரம் காத்திருப்பர். தெளிவற்ற இலக்கை நோக்கிச் சுடாமல் விடுவதே நல்ல வேட்டைக்காரரின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

அழிவும் மீட்சியும்

18ஆம் நூற்றாண்டில் தென்கிழக்குப் பகுதியின் கிரீக், செரோக்கி முதலிய பழங்குடியினர் ஐரோப்பிய வணிகரிடம் மான்தோலைக் கொடுத்துத் துப்பாக்கி, துணி போன்றவற்றைப் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் வந்ததும் மான் இறைச்சி தொலைநகரச் சந்தைகளுக்குச் சென்றது. காடுகளும் அழிக்கப்பட்டன. நாடு முழுவதும் சில லட்சம் மான்களே எஞ்சின.

சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசென்று விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. மாநிலங்கள் உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றை விதித்தன. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி மற்றும் தோட்டாக்கள் மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிகளுக்கு ஒதுக்கியது. மான் மீண்டதற்கான செலவில் பெரும்பங்கை வேட்டைக்காரர்களே ஏற்றனர் எனலாம். இன்று எண்ணிக்கை மூன்று கோடி அளவில் மதிப்பிடப்படுகிறது.

மிகைப்பெருக்கம்

மானை உண்ணும் ஓநாயும் மலைச்சிங்கமும் நாட்டின் கிழக்குப் பாதியில் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டுவிட்டன. பிணையைக் கொல்லலாகாது என்ற பழைய விதி மட்டும் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. காட்டுயிர் மேலாண்மையியலின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்டு, பிணைகளையும் வேட்டையாடாவிடில் காடு சீரழியும் என்று விஸ்கான்சினில் வாதிட்டார். 1943இல் அங்கு பிணை வேட்டை அனுமதிக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர், லியோபோல்டு கடுமையாகத் தூற்றப்பட்டார். இன்று பல மாநிலங்கள் அவர் சொன்னதையே செய்கின்றன.

கனடாவின் அந்திகோஸ்தி தீவு இதற்குத் தெளிவான சான்று. பிரெஞ்சுச் செல்வந்தரான ஆன்றி மெனியே 1896-97இல் ஏறத்தாழ 220 மான்களை அங்கு விடுவித்தார். கொன்றுண்ணும் விலங்குகள் குறைவாயிருந்ததால் அவை ஒரு லட்சத்தையும் தாண்டின. பால்சம் பிர் மரக்கன்றுகள் தலையெடுக்கவே இயலாமல், மான் விரும்பாத வெண் இசுப்புரூசு மரங்கள் பரவின. கனிச்செடிகளை மான்கள் தின்று தீர்த்ததால், முன்பு மிகுதியாக இருந்த கருங்கரடிகள் தீவிலிருந்தே மறைந்தன.

நோய்

நாட்பட்ட மெலிவு நோய் முதன்முதலில் 1967இல் கொலராடோவில், அடைத்து வளர்க்கப்பட்ட கோவேறு மான்களில் காணப்பட்டது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் உண்டாகும் இந்நோய்க்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லை. பிடிபட்ட மான் இறப்பது உறுதி. 2002இல் விஸ்கான்சினின் வெள்ளைவால் மான்களில் இது கண்டறியப்பட்டது. பின்னர் மேலும் பல மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. நோய்ப் பொருள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும். மான்கள் ஓரிடத்தில் கூடினால் தொற்று பெருகும் என்பதால், பல இடங்களில் தீவனமிட்டு மானை ஈர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. மனிதருக்குப் பரவியதாக உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு ஏதுமில்லை. எனினும் நோயுள்ள பகுதிகளில் வேட்டையாடுபவர்கள் மானின் நிணநீர்க் கணுக்களை ஆய்வுக்கு அளித்து, முடிவு வரும்வரை இறைச்சியை உண்ணாதிருக்குமாறும், நோய் உறுதியானால் அதனை அப்புறப்படுத்துமாறும் அறிவுறுத்தப்படுகின்றனர்.