முதலில் சோதனை, பிறகு ஸ்பேனர்

மீன் ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஐஸ் கரையக் கரைய மீன் விலை இறங்கும். எதிர்பார்த்திருந்த வியாபாரி வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார். அன்றைய வாடகை போய்விடும். தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலும், கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களிலும் விடியலுக்கு முன்பே வந்து நிற்கும் சிறிய டீசல் வண்டிகளின் நிலை இதுதான். பி.ஒய்.02 என்ற பதிவு எண்ணோடு நாகை, மயிலாடுதுறை மாவட்டச் சாலைகளில் ஓடும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுநரே சொந்தமாக வைத்திருக்கிறார். இன்ஜின் வேலை என்று ஒன்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் பல மாத வருமானம் அதில் கரைந்துவிடும்.

இவ்வளவு செலவு எப்போதும் தேவையா? இல்லை என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. ‘நாசிலை மாத்திப் பார்ப்போம், சரியாகலைன்னா பம்பைக் கழட்டலாம்’ என்று தொடங்கும் வேலை பர்ஸைக் காலி செய்யும். பழுதான பாகத்துக்கு ஆகும் செலவைவிட, பழுதே ஆகாத பாகத்தை மாற்றியதற்கு ஆகும் செலவுதான் பல நேரம் பெரிது. செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவுள்ள சோதனைக்குப் படிப்படியாகப் போனால் இதைத் தவிர்க்கலாம்.

உங்கள் வண்டி எந்தத் தலைமுறை?

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊர் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், எல்லாமே இயந்திர வேலைப்பாடு. கையில் ஸ்பேனரும் காதில் அனுபவமும் உள்ள எந்த மெக்கானிக்கும் அதைப் படித்துவிடுவார். 2011-ல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மூன்று சிலிண்டர் காமன் ரெயில் இன்ஜினோடு வந்தது. எவ்வளவு டீசலை எந்த நொடியில் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி தீர்மானிக்கும் காலம் சிறிய வண்டிகளுக்கும் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்ததும் டீசலில் கந்தகத்தின் அளவு 10 லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் பல வண்டிகளில் சேர்ந்தது.

‘பாலம் ஏறவே மாட்டேங்குதுண்ணே’ என்று இந்த மூன்று வண்டிக்காரர்களும் ஒரே புகாரோடு பட்டறைக்கு வரலாம். மூன்றிலும் காரணம் வேறாக இருக்கும். ஆகவே மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: வண்டி எந்த வருடம், கோளாறு காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா, அதற்கு முன்பு கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள்?

உப்பு தின்னும் ஒயர்

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இதில் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று வர வேண்டும், டீசல் வர வேண்டும், அழுத்தம் நிற்க வேண்டும். எல்லாச் சோதனையும் இந்த நான்கில் எது குறைகிறது என்று தேடுவதுதான்.

கடலோர வண்டியில் முதல் சந்தேகம் சுற்றும் வேகத்தின் மீது விழ வேண்டும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புக் கரைசல். அது சேஸிஸில் இறங்கி, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் போகும் எர்த் ஒயரின் முனையைத் தின்னுகிறது. மேலே பிளாஸ்டிக் உறை நன்றாகத் தெரியும். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிப் போயிருக்கும். செல்ஃப் மந்தமாகச் சுற்றும். உடனே புது பேட்டரி, பிறகு செல்ஃப் மோட்டார் வேலை என்று பணம் போகும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இதைத் தீர்த்துவிடும். இரவு ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அப்படிப் போகாமலே செல்ஃப் மந்தமாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் ஒயர். முனையைச் சுரண்டி, புது லக் போட்டு, கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. சென்சார்களுக்கும் இந்த எர்த்தான் ஆதாரம் என்பதால், காமன் ரெயில் வண்டிகளில் ‘சென்சார் போச்சு’ என்று சொல்லப்படும் சில கோளாறுகளும் இத்தோடு மறையும்.

டீசலில் தண்ணீர், டீசலில் காற்று

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகும் வண்டிகளும் உண்டு. மலிவாகக் கிடைத்தாலும் டேங்கில் எப்போதும் அரையளவு மட்டும் வைத்திருந்தால், ஈரம் நிறைந்த கடற்காற்று காலியிடத்தில் புகுந்து இரவில் நீர்த்துளியாகிறது. தண்ணீர் கனமானது. அடியில் தங்கி, துருவையும் சேர்த்துக்கொண்டு ஃபில்டருக்கு வரும். பெரும்பாலான வண்டிகளின் ஃபில்டருக்கு அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, அடியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்து, சில நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். டீசலுக்குக் கீழே தெளிந்த கோடாக நிற்பது தண்ணீர். டாஷ்போர்டில் விளக்கு எரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்டார்ட் ஆனதும் சற்றுத் தடுமாறிச் சரியாகிறது என்றால் ஏர் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில், டேங்கிலிருந்து வரும் குறைந்த அழுத்த வழியில், டீசல் தாங்கும் ஒரு துண்டு ஒளிபுகும் ஓஸைத் தற்காலிகமாகச் செருகினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தளர்ந்த கிளிப், வெடித்த ரப்பர் ஓஸ், தேய்ந்த காப்பர் வாஷர் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். இதே அறிகுறிக்காகப் பம்பைக் கழற்றி அனுப்புவது வீண்.

ஒரு எச்சரிக்கை. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதை விட்டுவிடுங்கள். காமன் ரெயில் பம்புக்கு உள்ளே உயவு தருவது டீசலேதான். அந்த வழவழப்பு போனால் பம்ப் தேய்ந்து, உலோகத் தூள், இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தரும் ரெயில் குழாய்க்கும் இன்ஜெக்டருக்கும் போய்ச் சேரும்.

புகையின் நிறம்

கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிஞ்சுகிறது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஓஸைக் கையால் அழுத்தி, மடிப்புக்குள் கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு கரியில் ஒட்டியிருக்கிறதா என்று கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நாசில் அதற்குப் பிறகுதான்.

நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். காலையில் மட்டும் வந்து மறையும் வெண்புகை, எரியாத டீசல். சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, குமிழி இடைவிடாமல் வருகிறதா என்று பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் தொடவே கூடாது.

இன்ஜின் ஹீட் ஆவதற்கு இந்தக் கடலோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. உப்பு கலந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. உள்ளே படியும் உப்புப் படலம் தண்ணீர் ஓடும் வழியை அடைக்கிறது. கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றும் செலவு, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

ஸ்கேனர் காட்டும் எண்

கணினிப் பெட்டியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பி0087 என்று காட்டுகிறது. அதன் பொருள் ரெயிலில் அழுத்தம் குறைவு என்பது மட்டும்தான். ‘பம்ப் போச்சு’ என்று அந்த எண் சொல்லவில்லை. அடைத்த ஃபில்டர், ஏர் பிடித்த ஓஸ், டீசலைத் திருப்பிக் கசியவிடும் இன்ஜெக்டர், சரியாக மூடாத அழுத்த வால்வு, தேய்ந்த பம்ப் என ஐந்தில் எதுவும் காரணமாகலாம். விலை குறைந்ததில் தொடங்கிக் கடைசியில்தான் பம்ப் வர வேண்டும்.

இன்ஜெக்டரைச் சோதிக்க, நான்கு சிலிண்டர் வண்டி என்றால் நான்கு பாட்டில் போதும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் டீசல் திரும்பிப் போகும் குழாயைக் கழற்றி, அதில் ஒளிபுகும் ஓஸை மாட்டி, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் விடுங்கள். கழற்றிய திரும்பு வழியின் வாயை அடைத்துவிடுங்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். மூன்று பாட்டிலில் ஒரே அளவு டீசலும் நான்காவதில் அதைப்போல் பல மடங்கும் நின்றால், அந்த ஒரு இன்ஜெக்டரை மட்டும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்துக்கு அனுப்பலாம். நான்கையும் மாற்றச் சொன்ன பில்லில் முக்கால் பங்கு மிச்சமாகும். மாற்றிய இன்ஜெக்டரின் குறியீட்டைக் கணினிப் பெட்டியில் பதிய வேண்டிய வண்டியாக இருந்தால், அதையும் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தை விட்டாக வேண்டும். குட்டி யானை காலத்தில், எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பார்வரை போகும். நுண்ணிய கசிவு தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்திவிடும். கசிவைத் தேடும்போது அட்டைத் துண்டைப் பிடியுங்கள், கையை நீட்டாதீர்கள். டீசல் தோலுக்குள் போய்விட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பி.எஸ்.6 வண்டியில் கரி வடிகட்டி விளக்கு எரிந்தால், துறைமுகத்தில் ஐடிலில் நிற்பதும் குறுந்தூர ஓட்டமும்தான் பெரும்பாலும் காரணம். கையேடு சொல்லும் வேகத்தில் கொஞ்ச தூரம் தொடர்ந்து ஓட்டினால் கரி எரிந்து போகும். வடிகட்டியையே கழற்றி எறிவது சட்டப்படி குற்றம்.

பெரிய வேலை எப்போது?

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா? பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். லேசான காற்று இயல்பு. மூடியைத் தள்ளும் அளவுக்கு வந்தால் ரிங், பிஸ்டன் தேய்மானம் இருக்கலாம். அப்போதும் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். அந்த எண்களைப் பார்க்காமல் இன்ஜினை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். உள்ளே போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்து வரும் செலவோடு முடிய வேண்டியது, முழு இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

தடைக்காலம் நம் கையில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன் வண்டிகளுக்கும் ஓட்டம் குறைகிறது. சோதனைக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது. டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், பேட்டரியைக் கழற்றி வையுங்கள், சேஸிஸை நல்ல தண்ணீரில் கழுவி எர்த் முனைகளைப் புதுப்பியுங்கள். தடை முடிந்து வண்டியை எடுக்கும் முதல் நாளில் ஃபில்டரில் தண்ணீர் வடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

கல்வி நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரைக்காலில் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பட்டறைகளுக்குத் தனித்தனியே வாங்கக் கட்டுப்படியாகாத நல்ல ஸ்கேனரும் இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்சும் பொதுவில் ஒன்று இருந்தால், தடைக்காலம்தோறும் இலவசச் சோதனை முகாம் நடத்தலாம். மாணவர்களுக்கு உண்மையான வண்டியில் பயிற்சி, உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் புதிய இன்ஜினின் பாடம், வண்டிக்காரர்களுக்கு என்ன கோளாறு என்று எழுதித் தரும் ஒரு தாள்.

அதுவரை வண்டிக்காரர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். பாகத்தை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், ‘எந்தச் சோதனையில் அது பழுது என்று தெரிந்தது?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் பணம் கொடுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.