பொய் வழக்கு வராத வாசல்

அத்தியாயம் 14

தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் செய்த காந்தி, புதிதாக வரும் கட்சிக்காரரிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுவார்: பொய் வழக்கை எடுக்க மாட்டேன்; சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன். தொழில் படுத்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. சிலர் சுத்தமான வழக்குகளை அவரிடம் கொடுத்துவிட்டு, சந்தேகமானவற்றை வேறு வக்கீல்களிடம் கொண்டுபோனார்கள். சிக்கலான பாதி வேலை அவர் வாசலுக்கே வரவில்லை!

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருமுறை, கட்சிக்காரர் தன்னை ஏமாற்றியிருக்கிறார் என்பது விசாரணையின் நடுவில்தான் அவருக்குத் தெரிந்தது. உடனே எழுந்து, தன் தரப்பு வழக்கையே தள்ளுபடி செய்துவிடும்படி மாஜிஸ்திரேட்டைக் கேட்டுக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திகைத்துப்போனார். இதனால் தன் தொழில் கெடவில்லை, வேலை சுலபமாயிற்று, சக வக்கீல்களிடம் மதிப்பும் கூடியது என்று காந்தி பின்னாளில் சுயசரிதையில் பதிவு செய்தார்.

அதே நூலில் வரும் பார்சி ருஸ்தம்ஜியின் கதை இன்னும் ஆழமானது. டர்பனின் பெரிய வியாபாரி. காந்தியின் கட்சிக்காரர், நெருங்கிய நண்பரும்கூட. 1897 ஜனவரியில் வெள்ளையர் கும்பல் காந்தியைத் தாக்கியபோது அவருக்கு அடைக்கலம் தந்தது ருஸ்தம்ஜியின் வீடுதான். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கு இறக்குமதி செய்த அவர், சுங்கவரி கட்டாமலும் சிலவற்றைக் கொண்டுவந்தார். சுங்க அதிகாரிகளுக்கு அவர்மேல் அத்தனை நம்பிக்கை, சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றையும் காந்தியிடம் சொல்பவர், இதை மட்டும் மறைத்துவிட்டார்.

குட்டு வெளிப்பட்டதும் கண்ணீரோடு ஓடிவந்தார். காந்தி அவரை அமைதிப்படுத்தினார்; ஆனால் சலுகை காட்டவில்லை. சுங்க அதிகாரியிடமும் அட்டர்னி ஜெனரலிடமும் முழுவதையும் ஒப்புக்கொள்ளுங்கள், அபராதம் கட்டுங்கள், சிறை என்றால் அதற்கும் தயாராகுங்கள். வெட்கம் குற்றத்தில் இருக்கிறது, சிறையில் இல்லை என்றார். ஊரறிந்த வியாபாரிக்கு இது எத்தனை கசப்பான மருந்து! ஆனாலும் ருஸ்தம்ஜி இணங்கினார். காந்தி இரு அதிகாரிகளையும் நேரில் பார்த்து, கணக்குப் புத்தகங்களைக் காட்டத் தயார் என்று சொல்லி, ருஸ்தம்ஜி எவ்வளவு மனம் வருந்துகிறார் என்பதையும் எடுத்துச் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை என்ற நம்பிக்கை அட்டர்னி ஜெனரலுக்கு வந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறாமலே முடிந்தது.

நன்றாக வாழ்ந்த மனிதர் ஏன் இதில் இறங்கினார்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவுகிறது. அதில் பங்கேற்றவர்கள், கண்ணாடிக் குடுவையில் எத்தனை பென்னி நாணயங்கள் இருக்கின்றன என்று மதிப்பிட்டு, கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தனக்கு லாபம். சிறிய பொய்யில் தொடங்கியவர்கள் போகப்போகப் பெரிய பொய்க்குப் போனார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் எதிர்வினையோ ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. முதல் பொய்யில் உறுத்தும் மனம், பழகப் பழக மரத்துப்போகிறது. நேர்மையாக இருப்பவருக்கு அந்த உறுத்தல் கெடாமல் இருக்கிறது. எச்சரிக்கை மணி பழுதாகாமல் இருப்பது சாதாரண லாபமா?

ருஸ்தம்ஜியின் கதைக்கே திரும்புவோம். அவர், தான் கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகையைப்போல் இரு மடங்கு அபராதம் கட்டினார். பிறகு நடந்ததை முழுவதுமாக எழுதி, ஃபிரேம் போட்டு, தன் வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கும்படி அலுவலகத்திலேயே மாட்டிவைத்தார்.