அரை அங்குலப் பிரம்பு

சிறைக்கதவுக்கு உள்ளே: அத்தியாயம் 9

நான் வசிக்கும் திருமுடிவாக்கம் இன்று பட்டறை ஓசையும் லாரிகளின் போக்குவரத்தும் ஓயாத தொழிற்பேட்டை ஊர். 1976-இல் அது செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். அந்தச் செங்கல்பட்டுத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும், முன்னாளில் சென்னை மேயராக இருந்தவருமான சிட்டிபாபு, அவசரநிலைக் காலத்தில் மிசா சட்டப்படி விசாரணையின்றிச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே அடிபட்டு, உடல் நலிந்து, 1977 ஜனவரியில் உயிர்நீத்தார்.

1976 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, சிறைக்கு வந்து சேர்ந்து இரண்டொரு நாள்கூட நிரம்பாத, பின்னாளில் தமிழக முதல்வரான மு.க. ஸ்டாலின் முதலான கைதிகள்மீது வார்டர்களும், வார்டர் வேலை பார்த்த தண்டனைக் கைதிகளும் பாய்ந்து தாக்கியபோது, தம்மேல் விழவிருந்த அடிகளைச் சிட்டிபாபு குறுக்கே புகுந்து ஏற்றுக்கொண்டார் என்று ஸ்டாலின் பலமுறை கூறியிருக்கிறார். பின்னர் இச்சிறைக் கொடுமைகளை விசாரித்தவர், கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில்; கைதிகள் தாக்கப்பட்டது உண்மையே என்று அவரது ஆணையம் கண்டது.

சிறைக்காவலன் எப்போதுமே கைநீட்டக் கூடாதா என்று கேட்டால், அப்படிச் சட்டம் சொல்லவில்லை. தன்னுயிரைக் காத்துக்கொள்ளவும், தப்பியோடுகிறவனைத் தடுக்கவும், சட்டபூர்வமான ஆணையை எதிர்த்து நிற்பவனை அடக்கவும் பலத்தைப் பிரயோகிக்கலாம். ஆனால் அவசியத்துக்குமேல் ஓர் அடியும் கூடாது, நடந்ததை உடனே சிறைத் தலைவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்பது, 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 82-ஆம் விதி. ஆகவே, கைதி பணிந்த கணத்துக்குப் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் குற்றமே என்பது என் அபிப்பிராயம். காயம் சிறியது என்ற சமாதானமும் செல்லாது. விலங்கிட்ட நிலையில் அடிபட்டு, வீங்கிய முகத்தோடும் ஆடிய பற்களோடும் வழக்காடிய ஹட்சன் என்ற கைதிக்கு, பெருங்காயம் இல்லாவிடினும் அது கொடூர தண்டனையாகலாம் என்று 1992-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இதெல்லாம் நம் காலத்துக் கருணை என்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளையர் 1894-இல் இயற்றிய சிறைச் சட்டம் கசையடியை அனுமதித்த கொடிய சட்டம்தான்; ஆயினும் பிரம்பு அரை அங்குல விட்டத்துக்குக் குறையாத இலேசான பிரம்பாயிருக்க வேண்டும், அடி முப்பதைத் தாண்டலாகாது, தவணை தவணையாக அடிக்கலாகாது, சூப்பரின்டென்டென்டும் மருத்துவரும் அருகிலிருக்க வேண்டும், தண்டனை புத்தகத்தில் பதிவாக வேண்டும் என்றெல்லாம் அது வரையறுத்தது. அரை அங்குலம் என்பது ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல் பருமன். அந்நிய ஆட்சியின் சட்டமே வார்டரின் சொந்த இஷ்டத்துக்கென்று ஓர் அடியைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதை நினைக்கையில், சுதந்திர நாட்டின் சிறையில் எந்த ஏட்டிலும் கணக்கில்லாமல் தடி சுழன்றதே என்று என் நெஞ்சு பதைக்கிறது.

திஹார் சிறையில் மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் வேறொரு கைதியைச் சித்திரவதை செய்ததைக் கண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். 1948-இல் தாமே ஒரு மாதம் சிறையிலிருந்த நீதிபதி கிருஷ்ணய்யர், அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று, 1979 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், சிறைகளில் குறைகூறும் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும் என்றும், அவை ஜில்லா மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் ஆணைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார்.

சிட்டிபாபுவின் காலத்தில் அந்தப் பெட்டி இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு டைரி. அவர் மறைந்த பிறகுதான் அது புத்தகமாக வெளிவந்தது.