மூத்தவர் எங்கே இருக்கிறார்?

குருப் பெயர்ச்சி வருகிறதென்றால் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு உண்டாகிவிடும். எந்த ராசிக்கு நல்லது, எந்த ராசிக்குப் பரிகாரம் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். பலன்களை நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு கணக்கை யாரும் மறுக்க முடியாது. குரு, அதாவது வியாழன், ராசிக்கு ஏறத்தாழ ஒரு வருஷமாகத் தங்கிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சுற்றை முடிக்கிறார். கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவதும் இந்தக் கணக்கினால்தான். 2004இல் வந்தது, பிறகு 2016இல் வந்தது.

இதே பன்னிரண்டு வருஷக் கணக்கு இன்று வானநூல் ஆராய்ச்சியாளர்களைப் படாத பாடு படுத்திக்கொண்டிருக்கிறது. அவர்கள் தேடுவது நம்முடைய குருவை அல்ல. வேறு சூரியன்களின் வீட்டில் இருக்கும் குருமார்களை!

சூரியனையும் அதைச் சுற்றும் கிரகங்களையும் சேர்த்து 'சூரிய குடும்பம்' என்கிறோம். எத்தனை பொருத்தமான பெயர்! அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் என்று நான்கு சின்னவர்கள். எட்டத்தில், குளிர்ந்த இடத்தில், மற்ற ஏழு கிரகங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதைப் போல் இரண்டரை மடங்கு எடையுள்ள வியாழன். இந்த வீட்டில் அவர்தான் பெரியவர். முதலில் பிறந்தவரும் அவரே என்று தெரிகிறது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வானத்தில் மினுக்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன்தான். அவற்றுக்கும் குடும்பம் உண்டு என்பது இப்போது திட்டமாகத் தெரிந்துவிட்டது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட கிரகங்களின் எண்ணிக்கை 2025இல் ஆறாயிரத்தைத் தாண்டிற்று. ஆனால் சின்னவர்கள் அகப்படும் வீடுகளில் எல்லாம் எட்டத்தில் ஒரு மூத்தவரும் இருக்கிறாரா? நம் வீடு எல்லா வீடுகளையும் போலத்தானா, அல்லது அபூர்வமானதா? இதுதான் கேள்வி.

விளக்கின் முன்னே பறந்த பூச்சி

சின்னவர்கள் எப்படி அகப்பட்டார்கள் என்பதை முதலில் பார்க்கலாம்.

எரிகிற விளக்குக்குக் குறுக்கே ஒரு பூச்சி பறந்தால் வெளிச்சம் ஒரு கணம் மங்கும் அல்லவா? நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கிரகம் போகும்போதும் அப்படித்தான். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதைத் தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடக் குறையாது. அவ்வளவு சிறிய மங்கலையும் கண்டுபிடிக்க, 2009 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸா 'கெப்ளர்' என்ற டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்பியது. வானத்தின் ஒரே ஒரு மூலையை, சுமார் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை, அது நாலு வருஷம் கண் கொட்டாமல் பார்த்தது.

கிடைத்த அறுவடை எல்லாரையும் திகைக்க வைத்தது. பூமியைவிடப் பெரியதும் நெப்டியூனைவிடச் சிறியதுமான கிரகங்கள் ஏராளம். பத்து நாள், இருபது நாள், ஐம்பது நாளில் தங்கள் சூரியனைச் சுற்றி வந்துவிடுகின்றன. சில வீடுகளில் ஐந்து, ஆறு பேர் வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். நம் குடும்பத்தில் அந்த அளவில் ஒருவர் கூட இல்லை!

சரி, இத்தனை சின்னவர்களைக் கண்ட கெப்ளருக்கு அந்த வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படவில்லையா? அனேகமாக இல்லை. காரணம் எளிது. பூச்சி விளக்கை ஒட்டிப் பறந்தால் நம் கண்ணுக்குக் குறுக்கே வரச் சந்தர்ப்பம் அதிகம். எட்டத்தில் பறந்தால் சற்றே மேலேயோ கீழேயோ போய்விடும். வியாழன் அளவு தூரத்தில் இருக்கும் கிரகம் நமக்கும் அதன் சூரியனுக்கும் நேர் குறுக்கே வருவது ஆயிரத்தில் ஒன்று. அப்படி வந்தாலும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, முப்பது மணி நேரம் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். நாலு வருஷம் காத்திருந்த கெப்ளர் என்ன செய்யும்?

தட்டாமாலை ரகசியம்

ஆகையால் வேறு உபாயம் தேட வேண்டியிருந்தது.

ஒரு தாய் தன் குழந்தையின் இரு கைகளையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிறாள். குழந்தை பெரிய வட்டமாகச் சுற்றுகிறது. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறாளா? கவனித்துப் பாருங்கள். அவளும் ஒரு சிறு வட்டம் போடுவாள். குழந்தை கனமாக இருந்தால் அவள் தள்ளாட்டமும் அதிகமாக இருக்கும். கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் இப்படித்தான் தள்ளாடுகிறது. குழந்தை இருட்டில் மறைந்திருந்தாலும், தாயின் தள்ளாட்டத்தைக் கொண்டே அதன் எடையைச் சொல்லிவிடலாம்.

இந்தத் தள்ளாட்டத்தை எப்படி அளப்பது? ரயில் கூவிக்கொண்டு நெருங்கும்போது சத்தம் கீச்சென்று கேட்கிறது. கடந்து போனதும் தணிந்துவிடுகிறது. வெளிச்சத்துக்கும் இந்தக் குணம் உண்டு. நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி துளி நீலத்தின் பக்கமும், விலகும்போது துளி சிவப்பின் பக்கமும் நகர்கிறது. இந்த வழியில்தான் 1995இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகளான மிஷேல் மேயரும் டிடியே கேலோவும், சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2019இல் நோபெல் பரிசும் பெற்றார்கள்.

வியாழன் நம் சூரியனைத் தள்ளாட வைக்கும் வேகம் வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். நகரத்துப் பஸ் ஒன்று கொஞ்சம் விரைவாகப் போவதைப் போன்றது. பூமியால் ஏற்படும் தள்ளாட்டமோ வினாடிக்கு ஒன்பது சென்டிமீட்டர்தான். தவழுகிற குழந்தை அதைவிட வேகமாகப் போய்விடும்! ஆகவே இந்த முறையில் பெரியவர்களைப் பிடிப்பது சுலபம். அவர்கள் ஒரு சுற்று முடிக்கும்வரை காத்திருக்க மட்டும் வேண்டும்.

மகாமகத்துக்கு மகாமகம்

அந்தக் காத்திருப்பில்தான் கஷ்டமெல்லாம். 2016 மகாமகத்தன்று ஒரு நட்சத்திரத்தைக் கவனிக்கத் தொடங்கியவர், அதற்கு வியாழனைப் போல் ஒரு பிள்ளை உண்டா என்று முழுதாகத் தெரிந்துகொள்ள 2028 வரை பொறுக்க வேண்டும். நடுவில் டெலஸ்கோப்பில் நேரம் கிடைக்க வேண்டும், கருவி பழுதாகக் கூடாது, பணம் தருகிறவர்கள் கை விரிக்கக் கூடாது. மாணவராகச் சேர்ந்தவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்; அவர் தொடங்கிய கணக்கை வேறொரு மாணவர் தொடருவார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் சுமார் பதினோரு வருஷத்தில் ஒரு சுற்று. மற்ற நட்சத்திரங்களிலும் இப்படி நடக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் நட்சத்திரத்தின் ஒளியில் கலந்து, எட்டத்துக் கிரகத்தின் தள்ளாட்டத்தைப் போலவே வேஷம் போட்டுவிடும். பத்து வருஷம் காத்திருந்து பிடித்தவர் பெரியவரா, வெறும் புள்ளிகளா என்று பிரித்தறிய வேண்டும்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹவாய்த் தீவில் மௌனா கியா என்ற மலையின்மீது, நாலாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், கெக் டெலஸ்கோப் இருக்கிறது. கெப்ளர் கண்ட சிறு கிரகங்களுள்ள 63 நட்சத்திரங்களை ஒரு குழுவினர் பத்து வருஷமாக அங்கிருந்து கவனித்து, 2024இல் கணக்கை வெளியிட்டார்கள். ஐரோப்பியர்கள் ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவில், 2012 முதல் 'ஹார்ப்ஸ்-என்' என்ற நுட்பமான கருவியைக் கொண்டு இதே வேலையைச் செய்து வந்தார்கள்.

தம்பி பின்னால் வந்தார்

பெரியவர் முதலில் தெரிந்து, சின்னவர் பிறகு அகப்பட்ட வீடும் உண்டு. தென்கோடி வானத்தில் 'பை மென்சே' என்று ஒரு நட்சத்திரம். நமக்குச் சுமார் அறுபது ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கவனித்தவர்கள், வியாழனைப் போல் குறைந்தது பத்து மடங்கு எடையுள்ள கிரகம் ஒன்று அதைச் சுற்றுவதாக 2001இல் அறிவித்தார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் வருஷம் எடுத்துக்கொள்கிறது.

பதினேழு வருஷம் கழிந்தது. 2018 ஏப்ரலில் 'டெஸ்' என்ற புது விண்வெளி டெலஸ்கோப் புறப்பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அதன் முதல் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. எந்த வீட்டில் என்கிறீர்கள்? அதே பை மென்சேயில்தான்! பூமியைப் போல் இரண்டு மடங்கு அகலமுள்ள ஒரு சின்னவர், ஆறே கால் நாளுக்கு ஒரு தரம் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தனை பருமனான அண்ணன் இருக்கும் வீட்டில் தம்பி பிழைத்திருக்கிறார் என்பதே ஆச்சரியமான விஷயம்.

கணக்கில் ஒரு சச்சரவு

ஒரு வீட்டை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. பல வீடுகளை எண்ணிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2018இல் வந்த ஓர் ஆராய்ச்சி, சின்னவர்கள் உள்ள குடும்பங்களில் நூற்றுக்கு முப்பதில் எட்டத்துப் பெரியவரும் இருக்கிறார் என்றது. பொதுவாகச் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டால் நூற்றுக்குப் பத்துதான். அதாவது, சின்னவர் இருந்தால் பெரியவரும் இருப்பார் என்று நம்ப இடமுண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷம்.

2023இல் ஹார்ப்ஸ்-என் குழுவினர் வேறு கதை சொன்னார்கள். சின்னவர்கள் உள்ள 38 குடும்பங்களை, 3,600க்கும் மேற்பட்ட அளவைகள் எடுத்து, அவர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றே வீடுகளில் ஐந்து பெரியவர்கள் அகப்பட்டார்கள். நூற்றுக்கு ஒன்பது வீடுதான் தேறுகிறது, வழக்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் முடிவு.

யார் சொல்வது சரி? 2024இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி இந்தச் சச்சரவைக் கொஞ்சம் தணித்தது. நட்சத்திரங்களில் இரும்பு முதலிய கனமான பொருள்கள் அதிகமுள்ளவையும் உண்டு, குறைந்தவையும் உண்டு. இந்தச் சத்து சூரியனைவிட அதிகமாக உள்ள நட்சத்திரங்களை மட்டும் தனியே பிரித்தார்கள். அவற்றில் சின்னவர்கள் உள்ள வீடுகளில் நூற்றுக்கு 28இல் பெரியவரும் இருந்தார். பொதுவாகப் பார்த்தால் 14தான். சத்துக் குறைந்த வீடுகளிலோ இரண்டு கணக்கும் ஐந்தை ஒட்டியே நின்றன. அரிசியும் பருப்பும் தாராளமாக இருக்கும் வீட்டில் பெரிய பந்தியும் நடக்கும், குழந்தைகளுக்குப் பலகாரமும் கிடைக்கும். இல்லாத வீட்டில் குழந்தைகளுக்குக் கஞ்சியாவது கிடைக்கும். பந்திக்கு வழி இல்லை. இப்படி வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் இருக்கும் வீட்டை வேறொரு ஜாடையாலும் கண்டுகொள்ளலாம் என்று 2023இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். சின்ன கிரகங்கள் பெரும்பாலும் தொடுத்த முத்துப் போல ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றன. பெரியவர் இருக்கும் வீடுகளில் அந்த வரிசை கலைந்து, ஓர் இடத்தில் நெருக்கமாகவும் ஓர் இடத்தில் தாராளமாகவும் காணப்படுகிறதாம். எண்ணிப் பார்த்த வீடுகள் கொஞ்சம்தான்; மேலும் எண்ண வேண்டும்.

நமக்கு என்ன?

எங்கோ இருக்கும் நட்சத்திரத்தின் வீட்டில் யார் இருந்தால் நமக்கு என்ன என்று தோன்றலாம். ஆனால் கேள்வி நம் வீட்டைப் பற்றியதுதான்.

பூமியில் விழுந்த விண்கற்களை ஆராய்ந்து, 2017இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். அந்தக் கற்கள் இரண்டு ஜாதியாகப் பிரிகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் வெகு காலம் இருந்திருக்கின்றன. நடுவில் சுவர் போல எழுந்து தடுத்தது வியாழனாகத்தான் இருக்க வேண்டும். சூரிய குடும்பம் தோன்றிப் பத்து லட்சம் வருஷத்துக்குள்ளேயே அவர் பூமியைப் போல் இருபது மடங்கு எடைக்கு வளர்ந்துவிட்டார். பூமி உருவாகி முடியக் கோடிக் கணக்கான வருஷங்கள் ஆயின. அவரை மூத்தவர் என்று சொன்னது இதனால்தான்.

அவர் வழியை மறித்ததால், வெளியிலிருந்து உள்ளே உருண்டு வந்த கல்லும் பனியும் குறைந்து போயிருக்கலாம். அதனால்தான் நம் வீட்டுச் சின்னவர்கள் மற்ற வீடுகளில் இருப்பதைப் போல ஊதிப் பெருக்காமல் அளவோடு நின்றார்கள் என்பது சிலர் கருத்து. பெரியவர் இருந்தால் சின்னவர்கள் வளரவே முடியாதே என்று வாதித்தவர்களும் உண்டு. பை மென்சே போன்ற வீடுகள் அவர்களை யோசிக்க வைக்கின்றன.

இன்னொரு பெருமையும் வியாழனுக்குச் சொல்லப்படுவதுண்டு. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி என்ற வால்நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து அவர் மேல் விழுந்தது. அதைப் பார்த்ததும், நமக்கு வரும் அடியையெல்லாம் அவரே வாங்கிக்கொள்கிறார் என்று மெச்சினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லவில்லை. சில கற்களை விலக்குகிறார். சில கற்களை நம் பக்கமே தள்ளியும் விடுகிறார்! கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பூமி பூமியாக இருப்பதற்கு மூத்தவர் அவசியமா, அல்லவா? நம் ஒரு வீட்டை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. அவசியம் என்றால், பூமியைப் போன்ற கிரகத்தைத் தேடுகிறவர்கள் பெரியவர் இருக்கும் வீடுகளின் வாசலில் முதலில் போய் நிற்பார்கள். அவசியமில்லை என்றால், தேட வேண்டிய வீடுகள் பல மடங்கு பெருகிவிடும்.

இதற்கு உதவி செய்யப் புதிய சாட்சி ஒன்று கிடைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் ஐரோப்பியர்கள் அனுப்பிய 'கையா' என்ற விண்கலம், நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இருப்பிடத்தைத் திரும்பத் திரும்பக் குறித்துக்கொண்டே வந்தது. நட்சத்திரம் வானத்தில் இப்படியும் அப்படியும் நகர்வதிலிருந்தே அதன் பெரிய பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். 2025 ஜனவரியில் கையா தன் வேலையை முடித்தபோது பத்தரை வருஷத்துக் குறிப்புகள் சேர்ந்திருந்தன. குருவின் ஒரு சுற்றுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி! அந்தக் குறிப்புகளைப் பிரித்துப் படிக்கப் படிக்க, எட்டத்தில் மறைந்திருக்கும் பெரியவர்கள் பலர் வெளிப்படுவார்கள். சின்னவர்கள் இருக்கும் வீடுகளில் அவர்கள் எத்தனை பேர் என்று அப்போது எண்ணிக்கொள்ளலாம்.